சிவப்பு விளக்கு அணைந்த பிறகு

பேட்டரி மாற்றியாயிற்று, டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் கட்-அவுட் மாற்றியாயிற்று, இன்னும் சார்ஜ் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டியை நான் உடனே தொடுவதில்லை. ஓட்டுகிறவரை முதலில் பேசவிடுவேன். எப்போது மங்குகிறது, எப்போது தெளிகிறது? மழையில் நனைந்த பிறகா, ஏற்றத்திலா, பிரேக் மிதிக்கும்போதா? மின்சாரக் கோளாறு கண்ணுக்குப் படாது. அது விட்டுப்போகிற தடம்தான் படும். அந்தத் தடத்தை இரவில் தனியாகப் பார்த்தவர் ஓட்டியவர்.

இந்த முறை வந்தது எழுபதுகளின் யெஸ்டி ஒன்று. தாத்தா ஓட்டியதைப் பேரன் எடுத்துச் சீர்செய்திருக்கிறான். டேங்க், மட்கார்டு, ஃபிரேம் எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட். அத்தனை பிரியத்தோடு செய்த வேலை என்று பார்த்ததும் தெரிந்தது.

"ஓட்டும்போது நல்லாத்தாங்கண்ணா இருக்கு. நின்னா லைட் மஞ்சளாயிடுது. மலை ஏறும்போது ஒரு வளைவுல பஸ்ஸுக்கு வழி விட்டு நின்னேன், இன்ஜினே ஆஃப் ஆயிடுச்சு."

"சாவி போட்டா சிவப்பு லைட் எரியுதா தம்பி?"

"எரியுதுங்கண்ணா. ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடுது. அதனாலதான் டைனமோ நல்லா இருக்கு, பேட்டரிதான் போச்சுன்னு சொன்னாங்க."

அந்த இரண்டு பதிலில் பாதி வேலை முடிந்திருந்தது. மீதிப் பாதிக்கு மீட்டரும் பொறுமையும் வேண்டும்.

*

கௌதள்ளியில் இருந்துகொண்டு முன்விளக்கைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக வருகிற சாலை எங்கள் ஊரைத் தாண்டித் தாளபெட்டாவுக்குப் போகிறது. அதற்கப்புறம் மாதேஸ்வரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் காட்டுவழி. 2013-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்த காடு. யானை சாலையைக் கடக்கும், நின்றுகொண்டும் இருக்கும். வேறு ஊர்களில் பௌர்ணமிக்குக் கூட்டம் என்றால் எங்கள் மலைக்கு அமாவாசைக்குக் கூட்டம். சிவராத்திரி, யுகாதி, தீபாவளிக்குச் சொல்லவே வேண்டாம். நிலவே இல்லாத இரவில்தான் இந்தச் சாலையோரம் ஜனங்கள் குழந்தைகளோடும் மூட்டையோடும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

சுருள் கம்பி எரிகிற பழைய பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு போய்விடும். குறைவது கொஞ்சம், இழப்பது நிறைய. "லேசாத்தான் டிம் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டு அமாவாசை இரவில் மலையேறுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு நிலைகொள்வதில்லை.

*

6 வோல்ட் வண்டி கடுமையான ஆசிரியர். எதையும் மன்னிக்காது.

30 வாட் பல்பு 12 வோல்ட்டில் எரிந்தால் இரண்டரை ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் அதே வெளிச்சத்துக்கு 5 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் ஒரு மூட்டு துருப்பிடித்து, ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 12 வோல்ட் வண்டி அதில் கால் வோல்ட் இழக்கும். மொத்தத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாது. 6 வோல்ட் வண்டி அரை வோல்ட் இழக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு, பல்பின் நிறமே மாறிவிடும். ஒரே துரு, ஒரே அளவு. ஒரு வண்டி பேசாமல் போகிறது, இன்னொன்று சாலையில் நின்றுவிடுகிறது.

அதனால்தான் பழைய வண்டியில் சார்ஜ் இல்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் சந்தேகப்படுவது பொருள்களை இல்லை; பொருளும் பொருளும் சேருகிற இடங்களை. டைனமோ அரை நூற்றாண்டு உழைக்கும். செம்புக் கம்பி அதற்கு மேலும் இருக்கும். போல்ட்டும் ஒயர் முனையின் லக்கும் தொடுகிற அந்தச் சின்ன வட்டம்தான் கிழடுதட்டிப்போகிறது. அதைக் கடையில் பாக்கெட்டில் போட்டு விற்பதில்லை. எனவே யாரும் அதை மாற்றச் சொல்வதும் இல்லை.

*

இந்த வண்டி மைசூரில் பிறந்தது. யாதவகிரியில் ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் அறுபதுகளின் தொடக்கத்தில் நிறுவிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையில், செக்கோஸ்லோவாகிய ஜாவா நிறுவனத்தின் உரிமத்தின்பேரில், 250 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. 1973 முதல் அதே வம்சம் யெஸ்டி என்ற பெயரில் ஓடிற்று. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அன்றைக்குக் கௌதள்ளியும் மைசூர் மாவட்டம்தான்; சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது 1997-இல். அதற்கும் முன்னால், 1956 வரை, கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. இங்கே பட்டறையில் ஒரே கோளாற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் கேட்டுக்கொள்வது அப்படி வந்த பழக்கம்.

செய்த ஆலை போய் இத்தனை வருஷமாகியும் வண்டிகள் ஓடுகின்றன. உதைத்துக் கிளப்பிய அதே நெம்புகோலைக் கீழே மடக்கினால் அதுவே கியர் நெம்புகோல் ஆகிவிடும். அதை முதல் தடவை பார்க்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும். ஆலை இல்லாத வண்டியைப் பழுது பார்ப்பதில் ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. தேவையில்லாமல் ஒன்றைக் கழற்றி எறிந்தால் அதற்கு ஈடு இனி வராது. ஊகத்தில் பொருள் மாற்றுகிற பழக்கம் புது வண்டிகளில் பணத்தைத் தின்னும்; இங்கே வண்டியையே தின்னும்.

*

டைனமோவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

வலப்பக்க மூடியைக் கழற்றினால் கிராங்க் முனையில் ஆர்மேச்சர் இருக்கும். அதைச் சுற்றி ஃபீல்டு காயில்கள். ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள்மேல் இரண்டு கார்பன் துண்டுகளை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். காந்தப் புலத்தில் சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்பது 1831-இல் ஃபாரடே கண்டது. ஆனால் இந்த டைனமோவுக்குள் நிலைக்காந்தம் எதுவும் இல்லை. காந்தத்தை உண்டாக்குவது ஃபீல்டு காயில். அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைத் தர வேண்டியது இதே டைனமோ. அப்படியானால் முதல் துளி எங்கிருந்து வருகிறது?

இரும்பிலிருந்து. முன்பு காந்தமாக இருந்த இரும்பு, மின்சாரம் நின்ற பிறகும் மிக மெல்லிய காந்தத்தை வைத்துக்கொள்ளும். கிக்கரை உதைத்ததும் அந்த மிச்சக் காந்தத்தில் ஆர்மேச்சர் சுழன்று மிகச் சிறிய மின்சாரம் தருகிறது. அது ஃபீல்டு காயிலுக்குப் போய்க் காந்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. கூடிய காந்தம் இன்னும் கொஞ்சம் மின்சாரம் தருகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் அது தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிறது. 1867 பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரே கூட்டத்தில் இந்தத் தத்துவத்தைச் சொல்லும் இரண்டு கட்டுரைகள் படிக்கப்பட்டன. ஒன்று சீமென்ஸ் சகோதரர்களுடையது, இன்னொன்று வீட்ஸ்டனுடையது. தனித்தனியாக அலைந்தவர்கள் ஒரே நாளில் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் புதிதல்ல. கொள்ளேகாலுக்கு அருகே சிவனசமுத்திரத்தில் காவிரி விழுகிற வேகத்தில் 1902-இல் ஜெனரேட்டர்கள் சுழன்றன. அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. திட்டத்துக்கு உயிர் கொடுத்த திவான் சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்காமலே 1901-இல் காலமானார். அந்தப் பேரியந்திரமும் இந்த வண்டியின் உள்ளங்கையளவு ஆர்மேச்சரும் ஒரே ஃபாரடே விதியில் நிற்கின்றன.

வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டிக்கு அந்த மிச்சக் காந்தம் தேய்ந்து போயிருக்கலாம். அப்போது ஒயர், கார்பன் எல்லாம் சரியாக இருந்தும் டைனமோ எழாது. பேட்டரியிலிருந்து ஃபீல்டு காயிலுக்கு ஒரு நொடி மின்சாரம் தொட்டுக் காட்டினால் போதும், இரும்புக்கு மறந்தது நினைவு வந்துவிடும். அதைச் செய்யும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை கூப்பத் தோன்றும். இரும்பு நினைவு வைத்திருக்கிறது என்பதை நான் உருவகமாகச் சொல்லவில்லை.

*

சிவப்பு விளக்கு.

அதன் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடும் மறுமுனை டைனமோவோடும் சேர்ந்திருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது டைனமோ பக்கம் ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து விளக்கு வழியாக ஆர்மேச்சருக்குள் மின்சாரம் இறங்குகிறது, விளக்கு எரிகிறது. இன்ஜின் ஓடினால் டைனமோவின் அழுத்தம் ஏறிப் பேட்டரிக்குச் சமமாகிறது. மதகின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் நடுவில் ஓட்டம் இருக்காது, அவ்வளவுதான். விளக்கு அணைகிறது.

ஆக அணைந்த விளக்கு சொல்வது "இரண்டு பக்கமும் சமம்" என்று மட்டும். "பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறது" என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. நாம்தான் அப்படிக் கேட்டுக்கொள்கிறோம்.

சாவி போட்டும் எரியாத சிவப்பு விளக்கு இன்னும் நேர்மையானது. பல்பு போயிருக்கலாம். பல்பு நன்றாக இருந்தால் கார்பன் தேய்ந்து செம்பைத் தொடாமல் நிற்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். ஒரு ஸ்பானரும் எடுக்காமல் டைனமோவுக்குள் எட்டிப் பார்க்க ஒரு சன்னல் கிடைக்கிறது. வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: சாவி போட்டதும் அந்த விளக்கைப் பாருங்கள், பெயிண்டை அப்புறம் பார்க்கலாம்.

*

மீட்டரை எடுத்தேன்.

வண்டி இரவு முழுவதும் நின்றிருந்தது. பேட்டரி முனைகளில் 6.0. மூன்று அறை கொண்ட பேட்டரி. நிறைந்திருந்தால் ஓய்வில் 6.3க்கு மேல் காட்ட வேண்டும். புது பேட்டரிதான், ஆனால் முக்கால்வாசி காலி. ஹைட்ரோமீட்டரும் அதையே சொன்னது. மூன்று அறையும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தது. ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். மூன்றும் சமமாகத் தாழ்ந்தால் அது பசி, நோய் அல்ல.

இன்ஜினைக் கிளப்பிக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பிடித்தேன். பேட்டரி முனைகளில் 6.4. வேகம் கூட்டியும் அசையவில்லை. இங்கேதான் பலரும் டைனமோ பலவீனம் என்றோ கட்-அவுட் சரியில்லை என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் வெளி முனைக்கு நகர்த்தி, கருப்பை இன்ஜின் உடம்பில் வைத்தேன். 7.0.

டைனமோ 7.0 தருகிறது. பேட்டரிக்கு 6.4 போய்ச் சேருகிறது. நடுவில் 0.6 வோல்ட் எங்கோ தங்கிவிட்டது. இனி தேட வேண்டியது பழுதான பொருளை இல்லை, அந்த 0.6 தங்கிய இடத்தை.

டைனமோ முனையிலிருந்து பேட்டரியின் பிளஸ் முனை வரை அளந்தால் 0.1. கட்-அவுட், ஃபியூஸ், சாவி, ஒயர் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தது ஒரே பாதை. ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்தேன். பேச்சுக்கு இரண்டும் ஒரே இடம். மீட்டர் சுழியைக் காட்ட வேண்டும்.

0.5 காட்டியது.

இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு முன்விளக்கைப் போட்டேன். இப்போது சுமை முழுவதும் பேட்டரியின் தலையில். அந்த எண் 2 வோல்ட்டை நெருங்கியது. முன்விளக்கு மஞ்சளாகிக் கொண்டிருந்தது, இன்ஜின் ஒரு துடிப்பை விழுங்கியது. தம்பி மலை வளைவில் பார்த்தது இதைத்தான். ஓடும்போது டைனமோ ஃபிரேம் வழியாக விளக்குக்கு நேராகக் கொடுத்துவிடும், எனவே வெளிச்சம் நன்றாக இருக்கும். நின்றவுடன் பேட்டரி கொடுக்க வேண்டும். பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் வழி அடைபட்டிருக்கிறது. சிவப்பு விளக்குக்கு இது தெரியவே தெரியாது. அது பார்ப்பது பிளஸ் பக்கத்தை மட்டும். எர்த் பக்கம் அதற்குக் கண் இல்லை.

*

பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தேன். எர்த் ஒயரின் லக் ஃபிரேமில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது. நன்றாகவே முடுக்கியிருந்தார்கள், ஆட்டிப் பார்த்தால் அசையாது. கழற்றினேன். லக்கின் கீழே ஃபிரேம் முழுவதும் புதுப் பெயிண்ட், பளபளவென்று. மின்சாரம் இத்தனை நாளும் போல்ட்டின் மரை வழியாகத்தான் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மரையிலும் பெயிண்ட் வழிந்து, அதன்மேல் துரு பூத்திருந்தது. லக்கின் அடிப்பக்கம் ஒரு பிறை அளவுக்கு மட்டும் கருத்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஏதோ தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மற்றதெல்லாம் தொடுவதுபோல் இருந்தது.

தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "பெயிண்ட்டாங்கண்ணா?" என்று மட்டும் கேட்டான். அவன் குரல் இறங்கியதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பெயிண்ட் அடித்தது குற்றமில்லை தம்பி, அடிக்காவிட்டால் ஃபிரேம் இன்னும் பத்து வருஷத்தில் துருப்பிடித்துப் போயிருக்கும், இந்த வட்டத்தை மட்டும் விட்டிருந்தால் போதும் என்றேன்.

உப்புத்தாளை மடித்து, லக் உட்காரும் வட்டத்தை மட்டும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். மரையைச் சுத்தம் செய்து, லக்கின் முகத்தைத் தீட்டி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். முடுக்குவதற்கு முன்னால் உள்ளே கிரீஸை அப்புகிறவர்கள் உண்டு. நான் இரும்பையும் செம்பையும் முதலில் நேருக்கு நேர் சந்திக்க விடுவேன். பிறகு ஈரம் நுழையாமல் வெளியே மூடினால் போதும்.

மறுபடி அளந்தேன். எர்த் முனைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் 0.03. பேட்டரியில் முதலில் 6.6, காலியாக இருந்த பேட்டரி அவ்வளவு வேகமாக இழுத்துக்கொண்டது. அப்புறம் மெல்ல ஏறி 6.9-இல் நின்றது. ஐட்லிங்கில் விளக்கு கொஞ்சம் தாழ்கிறது. இந்த வண்டிகள் எல்லாமே அப்படித்தான். தாழ்ந்தாலும் வெள்ளையாக இருந்தது.

*

இன்றைய வண்டிகளில் கார்பன் இல்லை, கட்-அவுட் இல்லை. நிலைக்காந்தம் சுழல்கிறது, பெரும்பாலும் மூன்று மஞ்சள் ஒயரில் மாறுமின்னோட்டம் வருகிறது, ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் என்ற மூடிய பெட்டி அதை நேராக்கி 14 வோல்ட்டை ஒட்டி அடக்குகிறது. ஆனாலும் தேடும் முறை இதேதான். மூன்று மஞ்சளும் ஒன்றோடொன்று சமமாக வோல்ட் காட்டுகின்றனவா, எந்த மஞ்சளாவது எர்த்தோடு தொடர்பு காட்டுகிறதா, பெட்டியின் வெளி முனையில் இருப்பது பேட்டரிவரை வருகிறதா. பட்டறைக்கு வருகிற பையன்கள் பெட்டியை மாற்றித்தான் பழகியிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்க முடியாது என்பதால் அளக்கவும் முடியாது என்று அவர்களுக்கு யாரோ சொல்லித்தந்திருக்கிறார்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

*

டைனமோ நல்லது என்று தெரிந்த பிறகும் வலப்பக்க மூடியைத் திறந்தேன். திறக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. செம்புப் பட்டைகளின்மேல் கருப்பாக ஒரு பிசுக்கு. கார்பன் தூளோடு பெட்ரோல் கலந்த ஆயிலின் மூடுபனி படிந்தது அது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறைக்குள் ஆயில் கலந்த பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருக்கும். வலப்பக்க சீல் தளர்ந்தால் அது கசிந்து ஆர்மேச்சருக்கு வந்துவிடும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா இடுக்குகளைக் கூர்மையான மூங்கில் குச்சியால் கீறி எடுத்தேன். கார்பன்களில் பாதிக்கு மேல் இருக்கிறது, ஸ்பிரிங்கும் உயிரோடு இருக்கிறது. இன்னும் சில மாதம் ஓடும். ஆனால் சீலை மாற்றாமல் விட்டால் பிசுக்கு திரும்ப வரும், கார்பன் நனையும், அப்போது சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கும்.

சீல் மைசூரில் பழைய யெஸ்டி சாமான் வைத்திருப்பவர்களிடம் கிடைக்கும். தம்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, கடையில் பல வருஷம் கிடந்த ரப்பராக இருக்கலாம், வாங்குவதற்கு முன்னால் அதன் உள் உதட்டை விரலால் வளைத்துப் பார், வளைந்து திரும்பினால் எடு, விறைத்து நின்றால் வைத்துவிட்டு வா.